பல் தண்டவாளம் இல்லாமல் 11 சதவீத ஏற்றம்: ஷே இன்ஜினின் ஃபுட்பிளேட்டில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போகிறீர்கள். அங்கே காஸ் என்ற ஊரில் பழைய ஷே நீராவி இன்ஜின்கள் மலை ஏறுகின்றன. பெட்டியில் உட்காராமல் டிரைவரோடு இன்ஜினிலேயே போக தனிக் கட்டணம் என்று பார்த்திருக்கிறீர்கள். "கியர் வைத்த இன்ஜின் என்றால் நம் ஊட்டி ரயில் மாதிரிதானே, அதற்கு இவ்வளவு பணமா, பாதுகாப்பானதுதானா?" என்கிறீர்கள். பணம்தான் கேள்வியில் முன்னால் நிற்கிறது. ஆனால் எனக்குப் படுவது, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு இரண்டு விஷயங்கள். பெட்டியில் கிடைக்காத எது இன்ஜினில் கிடைக்கும் என்பது ஒன்று. பல் தண்டவாளம் இல்லாமல் அந்தச் சரிவில் வண்டி வழுக்காதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் முதலாவதற்கும் பாதி பதில் வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி, எந்த அளவுக்கு என்னை நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்காக. தெற்கு ரயில்வேயின் மீட்டர்கேஜ் ஷெட்டில் நீராவியின் கடைசிக் காலத்தில் இன்ஜினுக்குத் தீ போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்தேன். ஒய்.பி. (பயணிகள் வண்டி இன்ஜின்), ஒய்.ஜி. (சரக்கு வண்டி இன்ஜின்) இரண்டிலும் கரி அள்ளியிருக்கிறேன். பிறகு டீசலுக்கு மாறி டிரைவராகவே ஓய்வு பெற்றேன். இப்போது மகள் அமெரிக்காவில் இருப்பதால் போகும்போதெல்லாம் நீராவி ஓடும் இடம் எங்கே என்று தேடிப் போய்விடுவேன். காஸ் மலையில் ஷே இன்ஜினின் ஃபுட்பிளேட்டில், அதாவது டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் மேடையில், நின்று போயிருக்கிறேன். ஆனால் ஷே இன்ஜினை நான் ஓட்டியதும் இல்லை, அதற்குத் தீ போட்டதும் இல்லை. ஆகவே பாய்லர், தீ, தண்ணீர், பிரேக் பற்றி நான் சொல்வது வேலை செய்த அனுபவம். ஷேயின் குணம் பற்றிச் சொல்வது நின்று பார்த்ததும், கேட்டதும், கணக்குப் போட்டதும்.

முதலில் ஊட்டி ரயிலை ஒதுக்கி வைத்துவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் வண்டி கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை வந்துவிடும். எக்ஸ் வகை இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும், மற்ற இரண்டும் அடியில் உள்ள பல் சக்கரத்தைச் சுற்றும். அந்தப் பல் சக்கரம் தரையில் இருக்கும் பல் பட்டையைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அங்கே அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1 (12 அடி போனால் 1 அடி உயரம்), அதாவது 8.33 சதவீதம். காஸ் மலையில் அதிகபட்ச ஏற்றம் 11 சதவீதம், கிட்டத்தட்ட 9-க்கு 1. ஊட்டியை விடச் செங்குத்து. ஆனால் அங்கே பல் பட்டை கிடையாது. வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம், அவ்வளவுதான். ஷேயில் பற்கள் எல்லாம் இன்ஜினுக்குள்ளேயே இருக்கின்றன, தரையைத் தொடுவதில்லை. ஊட்டி ரயிலுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை மலை, நீராவி, கரிப்புகை என்ற அளவோடு சரி. (கரியிலும் வித்தியாசம் உண்டு: கல்லாறு பக்கம் இப்போது எண்ணெய் எரிக்கும் இன்ஜின்கள் வந்துவிட்டன. காஸில் இன்னும் கரிதான், கையால் அள்ளிப் போடுகிறார்கள்.)

இது எப்படிச் சாத்தியம் என்றால், அதற்கு மரம் வெட்டிய ஒருவரின் கஷ்டத்திலிருந்து தொடங்க வேண்டும். எஃப்ராயிம் ஷே என்பவர் மிச்சிகனில் மரவாடி நடத்தியவர். குளிர்காலத்தில் பனி உறைந்தால்தான் மரங்களைச் சறுக்குவண்டியில் இழுத்து வர முடியும், பனி இல்லாத மாதங்களில் வேலை நின்றுவிடும். வருஷம் முழுக்க மரம் இறக்க வேண்டும் என்று மரத்தாலேயே தண்டவாளம் போட்டார். அதன்மேல் வழக்கமான இன்ஜினை ஓட்டினால் தண்டவாளம் நொறுங்கியது. வழக்கமான இன்ஜினில் பெரிய சக்கரங்கள், அவற்றைப் பிணைக்கும் கனமான ராடுகள், அந்த ராடுகளைச் சமன்படுத்தச் சக்கரத்தில் எடைக்கட்டிகள். இவை சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தை ஓங்கி அடிக்கும். ஷே அதற்கு மாற்றாக, சரக்குத் தட்டுவண்டி ஒன்றின் நடுவே பாய்லரை நிறுத்தி, பக்கவாட்டில் சிலிண்டர் வைத்து, இரு முனையிலும் உள்ள போகிகளின் (பெட்டியைச் சொல்லவில்லை, சக்கரங்களைத் தாங்கி வளைவில் திரும்பும் அடிச்சட்டகங்கள்) சிறிய சக்கரங்களுக்குப் பல் சக்கரம் வழியாகச் சுழற்சியைக் கொடுத்தார். 1881-இல் காப்புரிமை கிடைத்தது. ஒஹையோ மாநிலத்து லைமா என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை அதைக் கட்டியது. 1945 வரை சுமார் 2,770 ஷே இன்ஜின்கள் வெளிவந்தன. கடைசியாகச் செய்தது 162 டன் எடை கொண்டது. அதுவும் இன்று காஸில்தான் நிற்கிறது.

நீங்கள் பார்க்கப் போகும் இன்ஜினை ஏறுவதற்கு முன் வலப் பக்கமாகச் சுற்றி வந்து பாருங்கள். இடப் பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ராடும் இல்லை, சிலிண்டரும் இல்லை. வலப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டிரைவர் இருக்கைக்குச் சற்று முன்னால் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும். பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடி, அடியில் ஒரு கிராங்க் ஷாஃப்டைச் சுற்றும். அந்த ஷாஃப்ட் இன்ஜினின் நீளம் முழுக்க, சக்கரங்களின் வெளி முகத்தை ஒட்டி முன்னும் பின்னும் நீண்டு போகும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேராக அதில் ஒரு சிறிய பல் சக்கரம், சக்கரத்தின் முகத்தில் போல்ட் போட்ட பெரிய பல் வளையம். சிறியது பல முறை சுற்றினால் பெரியது சில முறை சுற்றும். இத்தனை எடையும் வலப் பக்கம் தொங்குவதால், பாய்லரை நடுவிலிருந்து இடப் பக்கமாக நகர்த்தி வைத்திருப்பார்கள். முன்னால் நின்று பார்த்தால் இன்ஜின் கோணலாகத் தெரியும், அது கோளாறு இல்லை.

வளைவில் போகும்போது போகிகள் திரும்பும். அப்போது அந்த ஷாஃப்ட் என்ன ஆகும்? நேரான இரும்புத் தண்டாக இருந்தால் முறிந்துவிடும். அதனால் இடையிடையே யூனிவர்சல் ஜாயின்ட் (மடங்கியபடியே சுற்றும் இணைப்பு) வைத்து, நடுவில் ஒரு சதுரத் தண்டு சதுரக் குழாய்க்குள் வழுக்கி நீளவும் குறுகவும் விட்டிருக்கிறார்கள். இறுக்கமான வளைவில் அந்தச் சதுரத் தண்டு கிரீஸ் பளபளப்போடு ஒரு சாண் வெளியே வந்து, மறு வளைவில் உள்ளே போவதை டிரைவர் பக்க ஜன்னலோரம் எட்டிப் பார்த்தால் காணலாம். ஆனால் விருந்தாளிகளைப் பெரும்பாலும் ஃபயர்மேன் பக்கம்தான் நிறுத்துவார்கள், எட்டிப் பார்ப்பதையும் அனுமதிக்க மாட்டார்கள். அதனால்தான் கீழே நின்றே நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், மலைப்பாதை இன்ஜினில் இதை விட அழகான உறுப்பு எதுவும் இல்லை.

சரி, வழுக்காதா என்ற கேள்விக்கு வருவோம். இது ஊகம் இல்லை, கணக்கு. காய்ந்த தண்டவாளத்தில், மணலும் தூவினால், இன்ஜின் தன் எடையில் கால் பங்கு அளவுக்கு இழுவிசை கொடுக்கும், அதற்கு மேல் போனால் சக்கரம் சுழலும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. ஒரு நிபந்தனை உண்டு: எடை முழுவதும் இயங்கும் சக்கரங்கள் மேல் இருக்க வேண்டும். எங்கள் ஒய்.பி.யில் ஆறு சக்கரங்கள்தான் இழுக்கும். முன் போகி, பின் சக்கரம், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் எல்லாம் சும்மா உருளும் எடை. ஷேயில் கரித்தொட்டிக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் அடியில் உள்ள போகிக்குக்கூட ஷாஃப்ட் போகிறது. உருளும் சக்கரம் அத்தனையும் இழுக்கும் சக்கரம். இப்போது 11 சதவீத ஏற்றத்தில் தன்னையே தூக்கிக்கொள்ள எடையில் நூற்றுக்கு 11 பங்கு போய்விடும், உராய்வுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. கால் பங்கு என்பது நூற்றுக்கு 25, அதில் மிச்சம் 13 பங்கு. அதைக் கொண்டு ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான எடையைத் தள்ளலாம். மழை பெய்து இலை விழுந்த தண்டவாளத்தில் இந்தக் கணக்கு சுருங்கும், அப்போது மணல் பெட்டிதான் கடவுள். அதே ஏற்றத்தில் ஒய்.பி.யை விட்டால், அதன் டெண்டரைத் தூக்கவே சக்தி போதாது, பின்னால் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எடை மட்டும் காரணம் இல்லை. வழக்கமான இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சிலிண்டர் நான்கு முறை தள்ளும். அந்தத் தள்ளல் ஒரே சீராக இருக்காது. சில கோணங்களில் விசை கூடும், சிலவற்றில் குறையும். கூடும் அந்தக் கணத்தில்தான் சக்கரம் வழுக்கும். பாரமான வண்டியைக் கிளப்பும்போது ஒய்.ஜி. திடீரென்று சக்கரத்தை வெறித்தனமாகச் சுற்றிப் புகையைக் கக்குவதைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். ஷேயில் மூன்று சிலிண்டர். கிராங்க் ஒரு சுற்றுக்கு ஆறு தள்ளல். கியர் விகிதம் இரண்டுக்கு மேல் என்பதால் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பன்னிரண்டு, பதின்மூன்று தள்ளல்கள். மேடு பள்ளம் இல்லாத விசை. மலைப்பாதையில் ஃபர்ஸ்ட் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றுவதற்கு வேறு கியரே இல்லாத லாரி. இங்கே இருப்பது ஒரே விகிதம், நிரந்தரமாகப் பூட்டியது.

இதனால் வரும் விளைவைத்தான் ஃபுட்பிளேட்டில் நீங்கள் முதலில் உணர்வீர்கள். காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தேன் (ஒவ்வொரு தள்ளலுக்கும் புகைபோக்கி ஒரு முறை 'சுக்' என்று அடிக்கும்): 36 அங்குலச் சக்கரம், கியர் விகிதம் 2.2, வேகம் மணிக்கு 10 கி.மீ. என்று வைத்தால் வினாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை புகைபோக்கி அடிக்கும். ஒய்.பி. அதே வேகத்தில் வினாடிக்கு இரண்டரை முறைதான் அடிக்கும். ஷேயின் சத்தத்தை ஒய்.பி. எழுப்ப வேண்டுமானால் 50 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். அதாவது, எக்ஸ்பிரஸ் வண்டி பறப்பது போல் தலைக்கு மேல் இரைச்சல்; வெளியே பார்த்தால் பாதையோரத்துச் செடியின் இலை எண்ணலாம், கொஞ்சம் ஓட்டமாக நடந்தால் ஒருவர் கூடவே வந்துவிடலாம். முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 20, 25 கி.மீ.தான் இதன் எல்லை. எத்தனையோ வருஷம் இன்ஜினின் அடியைக் கேட்டே வேகத்தைச் சொல்லிப் பழகிய எனக்கு, முதல் சில நிமிஷம் மனசு ஒத்துழைக்கவே இல்லை. பெட்டியில் உட்கார்ந்தாலும் சத்தம் கேட்கும். ஆனால் காலுக்கு அடியில் பல்லும் பல்லும் அரைபடும் அந்த நடுக்கம் பெட்டிக்கு வராது.

தீயிலும் இந்த வித்தியாசம் தெரியும், இதை ஃபயர்மேன்கள்தான் கவனிப்பார்கள். நீராவி இன்ஜினில் புகைபோக்கி வழியாக வெளியேறும் நீராவிதான் தீக்குக் காற்றை இழுக்கிறது. மெதுவாக ஏறும் ஒய்.பி.யில் தீக்கதவைத் திறந்தால், ஒவ்வொரு அடிக்கும் தீ துள்ளித் துள்ளி வெளிச்சம் போடும். அந்தத் துள்ளலுக்கு இடையில் கரியை வீசுவதற்கே ஒரு கைப்பழக்கம் வேண்டும். ஷேயில் அடிகள் அவ்வளவு நெருக்கமாக வருவதால் காற்று ஏறக்குறைய இடைவிடாமல் இழுக்கும், தீ ஒரே சீராக வெள்ளையாக நிற்கும். ஃபயர்மேன் கதவைத் திறந்து, மூலைகளுக்கு ஒவ்வொரு அள்ளு, நடுவே கொஞ்சம், உடனே மூடல் என்று செய்வார். கதவு திறந்திருக்கும் நேரம் முழுக்கக் குளிர்ந்த காற்று உள்ளே போகிறது, நீராவி இறங்கும். அவர் கரி அள்ளும் சவளை (ஷவலை) எவ்வளவு குறைவாக நிரப்புகிறார், எவ்வளவு அடிக்கடி போடுகிறார் என்று பாருங்கள். நல்ல ஃபயர்மேன் மலைபோல் அள்ள மாட்டார். புகைபோக்கியில் கறுப்பாகக் குபுகுபுவென்று வந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், கரி முழுசாக எரியவில்லை என்று அர்த்தம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஃபுட்பிளேட்டில் ஏறினால் எல்லாரும் தீயைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கேஜ் கிளாஸைப் பாருங்கள். பாய்லரின் பின் முகத்தில், கண்ணுக்கு நேராக நிற்கும் கண்ணாடிக் குழாய் அது. உள்ளே தண்ணீர் மட்டம் ஆடிக்கொண்டிருக்கும். தீ எரியும் பெட்டியின் கூரையாக இருக்கும் தகட்டை கிரவுன் ஷீட் என்போம். அதன் கீழே நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கும் வரை தகடு தாங்கும். தண்ணீர் விலகித் தகடு வெறுமையாகிவிட்டால் சில நிமிஷங்களில் செக்கச் சிவந்து இளகி, உள்ளிருக்கும் நீராவி அழுத்தத்தில் கிழிந்துவிடும். நீராவி இன்ஜினில் இதை விடப் பெரிய ஆபத்து கிடையாது. சமதரையில் இது எளிய விஷயம். ஆனால் 11 சதவீதச் சரிவில் பாய்லரே சாய்ந்து நிற்கிறது, உள்ளே உள்ள தண்ணீர் சாயாது. பாய்லரில் தண்ணீர் பரவியிருக்கும் நீளம் 5 மீட்டர் என்றால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 55 சென்டிமீட்டர் வித்தியாசம். இன்ஜினின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் தண்ணீர் பின்னால், தீ எரியும் பெட்டியின் பக்கம் திரளும். கிளாஸ் உண்மையை விட நிறையக் காட்டும், கிரவுன் ஷீட்டுக்கு நிம்மதி. மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். அதுதான் பயப்பட வேண்டிய நிலை.

காஸ் மலையில் இது ஒரே பயணத்தில் மாறி மாறி வருகிறது. அந்தப் பாதை 1901-இல் மரம் இறக்குவதற்காகப் போட்டது. மலையில் வளைந்து ஏற இடம் இல்லாத இரண்டு இடங்களில் ஸ்விட்ச்பேக் வைத்திருக்கிறார்கள்: வண்டி ஒரு முட்டுப் பாதைக்குள் போய் நின்று, பாயின்ட் மாற்றி, திசை திரும்பி அடுத்த சரிவில் ஏறும். இன்ஜின் திரும்புவதில்லை, போகும் திசைதான் திரும்புகிறது. ஆகவே முதல் சரிவில் மேட்டைப் பார்த்த முனை அடுத்த சரிவில் பள்ளத்தைப் பார்க்கும். கரி எரிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்தத் திருப்பத்துக்கு முன் தண்ணீரை எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று தெரியாதவர் இந்த மலைக்கு ஃபயர்மேன் ஆக முடியாது. நான் போனபோது ஸ்விட்ச்பேக்குக்குச் சற்று முன்பே ஃபயர்மேன் பேச்சை நிறுத்திவிட்டு, பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போகும் அந்தச் சீறல் கேட்டது. கண் கிளாஸை விட்டு அகலவில்லை. வண்டி நின்று, திரும்பி, சரிவு மாறியதும் கிளாஸில் மட்டம் வெகுவாக நகர்ந்து வேறிடத்தில் நின்றது. பாய்லரில் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, குழாயில் மட்டும் இத்தனை வித்தியாசம். அதைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்ப்பதற்கே அந்தக் கட்டணம் தகும் என்பேன்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1995 ஜூனில் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் அருகே ஒரு சுற்றுலா நீராவி ரயிலில் நான் மேலே சொன்னதே நடந்தது. தண்ணீர் குறைந்து கிரவுன் ஷீட் கிழிந்தது. ஃபுட்பிளேட்டில் இருந்த மூவருக்குத் தீக்காயம், உயிர் போகவில்லை. அது கியர் இன்ஜின் இல்லை, சாதாரண ராடு இன்ஜின். விசாரணையில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவிகளின் பராமரிப்பு சரியில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்க அரசு நீராவி இன்ஜின்களுக்கான விதிகளைத் திருத்தி எழுதியது. 2000 முதல், ஓடிய நாட்கள் 1,472 ஆனாலும் சரி, 15 வருஷம் ஆனாலும் சரி, எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஆகவே நூறு வருஷ இன்ஜின் என்று பயப்பட வேண்டியதில்லை. அதன் இரும்புச் சட்டகத்துக்கு நூறு வயது இருக்கலாம், பாய்லரின் சோதனைச் சான்றுக்கு அவ்வளவு வயது இருக்காது. எந்த இன்ஜினுக்கும் அபாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த அபாயத்தை முறையாகக் கையாள்கிறார்கள் என்று சொல்வேன்.

உண்மையில் மலை ரயிலில் ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம், இதை ஊட்டி ரயிலிலும் சொல்வார்கள். ஏறும்போது இன்ஜின் தோற்றால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிரேக் தோற்றால் வண்டி நிற்காது. நீலகிரியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பது அதனால்தான். ஏர் பிரேக் உள்ள வண்டியில் வேறு ஒரு சங்கடம்: நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் போட்டு, விட்டு, மறுபடி போட்டால், காற்றழுத்தம் மீண்டும் நிரம்புவதற்குள் வண்டி வேகம் எடுத்துவிடும். அமெரிக்க மலைப்பாதைகளில் இதற்கென்று பெட்டிகளில் ஒரு வால்வு உண்டு. பைப்பில் காற்று நிரம்பும் நேரத்திலும் பெட்டியின் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தே வைத்திருக்கும். இறங்கும்போது டிரைவரின் முகத்தைப் பாருங்கள். ஏறும்போது ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் கைப்பிடியை) திறந்துவிட்டு அவ்வப்போது நகைச்சுவை சொல்பவர், இறங்கும்போது வாயே திறக்க மாட்டார். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் சரிவு, கணக்கு, பாய்லர் எல்லாம் உறுதி. அடுத்துச் சொல்வது அவ்வளவு உறுதி இல்லாதது. ஷேக்குப் போட்டியாக இன்னும் இரண்டு வகை கியர் இன்ஜின்கள் இருந்தன. ஹெய்ஸ்லரில் இரண்டு சிலிண்டர்கள் பாய்லருக்கு அடியில் ஆங்கில வி எழுத்தைப் போல் சாய்ந்து, நடு ஷாஃப்டைச் சுற்றும். கிளைமாக்ஸில் இரு பக்கமும் சாய்ந்த சிலிண்டர்கள் குறுக்கே ஒரு ஷாஃப்டைச் சுற்றி, அங்கிருந்து நடு ஷாஃப்டுக்குக் கியர் போகும். இரண்டும் பென்சில்வேனியாவில் பிறந்தவை. ஹெய்ஸ்லர் கொஞ்சம் வேகமானது, கிளைமாக்ஸ் ஆடும், ஷேதான் பழுது பார்க்க எளிது என்று அங்குள்ள ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழுது பார்ப்பதைப் பற்றிய பேச்சை நம்புகிறேன், ஏனென்றால் ஷேயில் எல்லாம் வெளியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் அவரவர் ஓட்டிய இன்ஜின் மேலுள்ள பாசமாகக்கூட இருக்கலாம். எங்கள் ஷெட்டிலும் ஒய்.பி. ஆளும் ஒய்.ஜி. ஆளும் ஒத்துப்போனதே இல்லை.

பணத்துக்கு வருகிறேன். முழுப் பயணமாக மலையுச்சியான பால்ட் நாப் வரை 11 மைல். போய் வர 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விட்டேக்கர் என்ற இடம் வரை 4 மைல், இரண்டு ஸ்விட்ச்பேக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஃபுட்பிளேட் டிக்கெட் எடுப்பதானால் விட்டேக்கர் வரை போதும். உச்சி வரை நின்றுகொண்டு போக வேண்டாம், வெக்கையும் சத்தமும் உங்களைக் களைப்பாக்கிவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் இன்ஜினில் போங்கள், மற்றவர்கள் பெட்டியில் வரட்டும். பெட்டியிலும் காட்சிக்குக் குறைவில்லை. வயது வரம்பு, எந்த நாளில் எந்த இன்ஜின், இன்ஜினில் ஆள் ஏற்றுகிறார்களா என்பதெல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம், ஒரு தீப்பொறி பட்டாலே துளை விழும். துப்பட்டா, தொங்கும் புடவை முந்தானை, தளர்ந்த ஸ்கார்ஃப் எதுவும் கூடாது. மூடிய தோல் செருப்பு, சாதாரணக் கண்ணாடியாவது கண்ணுக்கு அவசியம். கரித்துகள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரில் கழுவுங்கள். காதடைப்பான் எடுத்துப் போங்கள், ஆனால் முதல் ஐந்து நிமிஷம் போடாதீர்கள். ஏறியதும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஃபயர்மேனிடமே கேளுங்கள். பித்தளை, செம்புக் குழாய்கள் பார்க்கப் பளபளவென்று குளிர்ச்சியாகத் தெரியும், தொட்டால் தோல் போய்விடும். அவர் சவள் சுழலும் பாதையில் காலை வைக்காதீர்கள். விட்டேக்கரில் வண்டி நிற்கும்போது, தண்ணீர் மட்டத்தைச் சோதிக்கும் சிறு குழாய்களைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேஜ் கிளாஸ் பொய் சொன்னால் அவைதான் சாட்சி. இப்படி ஒரு கேள்வி கேட்டால் எந்த ஃபயர்மேனும் உங்களை விட்டுவிட மாட்டார், நேரம் முடியும் வரை விளக்கிக்கொண்டே இருப்பார்.

மேற்கு வர்ஜீனியா போக முடியாமல் கலிஃபோர்னியாவோடு பயணம் முடிகிறது என்றால், சான் ஹோசே பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர்களிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஃபெல்டன் என்ற ஊருக்குப் போகலாம். அங்கே ரோரிங் கேம்ப் என்ற இடத்தில் ரெட்வுட் காட்டுக்குள் நேரோகேஜ் பாதையில் 1912-இல் கட்டிய ஷே ஒன்று இருக்கிறது. அங்கே எண்ணெய் எரிக்கிறார்கள், அதனால் சவள் வேலையைப் பார்க்க முடியாது. முன்பு வட்டமாக ஏறிய மரப்பாலம் 1976-இல் தீக்கிரையானதால் அதற்குப் பதிலாக அங்கும் ஒரு ஸ்விட்ச்பேக் போட்டார்கள். மூன்று சிலிண்டர், வலப் பக்க ஷாஃப்ட், வழுக்கி நீளும் சதுரத் தண்டு எல்லாம் அதே. ஆசியாவுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் தைவானின் அலிஷான் மலைப்பாதையில் லைமா ஷேக்களைப் பழுதுபார்த்துச் சில விசேஷ நாட்களில் ஓட்டுகிறார்கள். ஆனால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கையால் கரி போடுவதாலும் 11 சதவீதச் சரிவுக்காகவும் காஸ் என்றுதான் சொல்வேன். டிக்கெட் எடுத்துவிடுங்கள், ஏறும் வழிக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் அதை எடுங்கள், இறங்கும்போது பெட்டியில் குழந்தைகளோடு உட்காருங்கள்.